மாடியில் தாமரைத் தொட்டி வைக்கப் போறீங்களா? தண்ணீர் ஊற்றும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

குளத்தில் பார்த்த தாமரையும் அல்லியும் இப்போது மொட்டை மாடியிலும் பால்கனியிலும் பூக்கின்றன. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, கொஞ்சம் களிமண், ஒரு கிழங்கு இருந்தால் போதும், வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் குளம் ரெடி. சிலர் சின்ன பம்ப் வைத்து நீரூற்றும் அமைக்கிறார்கள்.

பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் டெங்கு கொசுவும் வளரும். மாடி தாங்க வேண்டிய எடையும் கூடும். இந்த இரண்டையும் சரியாகக் கையாண்டால் தோட்டத்தில் நீர்நிலை வைப்பது கஷ்டமான வேலை இல்லை. எப்படி என்று பார்க்கலாம்.

மாடி எவ்வளவு எடை தாங்கும்?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இந்தக் கணக்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, கட்டட எடையைத் தவிர்த்து, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமை என்ற அளவில் வடிவமைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நிர்ணயம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே சுமார் 300 கிலோ வந்துவிடும்.

6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் மாடியில் ஒரு தொட்டி கட்டினால், அதில் சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும். அதாவது தண்ணீர் மட்டுமே ஒரு டன். செங்கல், சிமென்ட், மண் எல்லாம் தனி. கட்டட பொறியாளரிடம் கேட்காமல் இப்படி ஒரு தொட்டியை மாடியில் கட்டவே கூடாது.

2 அடி அகலமுள்ள வட்டத் தொட்டி ஒன்றில் பாதி மண்ணும் பாதி தண்ணீருமாக ஒரு அடி நிரப்பினால், மொத்தம் 110 முதல் 120 கிலோ வரும். இப்படி ஒன்றிரண்டு வைப்பவர்கள் மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ செல்லும் ஓரத்தில் வைப்பது நல்லது. பத்து தொட்டியை ஒரே இடத்தில் அடுக்கக் கூடாது. மாடியில் ஏற்கெனவே நீர்க்கசிவு, விரிசல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்க. தரையில் இடம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தாமரையா, அல்லியா?

இலை தண்ணீருக்கு மேலே எழுந்து நின்றால் தாமரை. தண்ணீரில் படுத்து மிதந்தால் அல்லி. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது, முத்துபோல் உருண்டு ஓடிவிடும்.

இரண்டுக்குமே நேரடி வெயில் வேண்டும். தாமரைக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 6 மணி நேரமாவது வெயில் பட வேண்டும். நிழலான பால்கனியில் இலை வரும், பூ வராது. கொஞ்சம் குறைவான வெயில்தான் கிடைக்கும் என்றால் அல்லி வகைகளை முயற்சி செய்யலாம்.

நடுவது எப்படி?

அடியில் ஓட்டை இல்லாத, அகலமான தொட்டியாக எடுங்க. களிமண் அல்லது வண்டல் மண்ணை அரை அடி உயரத்துக்குப் போடுங்க. மாடித் தோட்டத்தில் பயன்படுத்தும் தேங்காய் நார்க் கழிவு இதற்கு ஆகாது, மிதந்து வந்து தண்ணீரைக் கெடுத்துவிடும். பச்சைச் சாணமும் வேண்டாம். நன்றாக மக்கிய தொழுவுரத்தைக் கொஞ்சமாக, மண்ணுக்கு அடியில் போட்டால் போதும்.

தாமரைக் கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து, முளை மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியும்படி விடுங்க. முளை உடைந்தால் செடி வராமலே போகலாம். ஆரம்பத்தில் மண்ணுக்கு மேல் நான்கு விரல் அளவு தண்ணீர் போதும், இலை வளர வளர ஏற்றிக்கொள்ளலாம்.

புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டி என்றால் அவசரப்படாதீங்க. சிமென்டில் இருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறும், மீன்கள் செத்துவிடும். தண்ணீரை நிரப்பி சில நாள் விட்டு வடித்துவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரங்களுக்கு இப்படித் திரும்பத் திரும்பச் செய்த பிறகே செடியும் மீனும் விடலாம்.

டெங்கு கொசு வருமா?

வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட வீட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீரைத்தான் அதிகம் தேடும். பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக மாற நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீர்ப் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள் சுகாதாரத் துறையினர்.

ஏடிஸ் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை அங்கேயே இருக்கும். பல மாதம் காய்ந்து கிடந்தாலும் திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

வாசலில் பூ மிதக்கவிடும் உருளி, பறவைகளுக்கு வைக்கும் கிண்ணம், மணி பிளான்ட் பாட்டில், செடித் தொட்டியின் அடித்தட்டு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதல் கவனம் தேவை. வீட்டு வளாகத்தில் கொசு உற்பத்தி இருந்தால் உள்ளாட்சி அமைப்புகள் நோட்டீஸ் கொடுக்கவும் நடவடிக்கை எடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

எந்த மீன் விடலாம்?

தாமரைத் தொட்டியைத் தினமும் கொட்டிக் கழுவ முடியாது. அங்கே மீன்தான் காவல். 2 அடி தொட்டிக்கு நான்கைந்து சிறு மீன்கள் போதும். இரை போட்டுப் பழக்காதீங்க, வயிறு நிறைந்த மீன் கொசுப் புழுவைத் தேடாது.

பலரும் விடுவது கப்பி. எளிதாகக் கிடைக்கும், வேகமாகப் பெருகும். ஆனால் இது தென் அமெரிக்க மீன். கம்பூசியாவும் வெளிநாட்டு மீன்தான், உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. நம் ஊர் குளங்களிலேயே வாழும், நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறு கில்லி மீன் கிடைத்தால் அதுவே சிறந்த தேர்வு. தண்ணீரின் மேல்மட்டத்தில் நீந்தி கொசுப் புழுக்களைப் பிடித்துத் தின்னும்.

எந்த மீனாக இருந்தாலும், வேண்டாம் என்றால் ஏரியிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விடக் கூடாது. ஆகாயத் தாமரையும் அப்படித்தான். ஊதாப் பூ அழகாக இருக்கிறதே என்று தொட்டியில் வளர்த்து வெளியே வீசினால், ஏரியையே மூடிவிடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடித்தால், ஒரு நாள் திறந்து வைத்த பிறகு மீன் விடுங்க. மீன் விட முடியாதவர்கள் பி.டி.ஐ. என்ற உயிரி மருந்தைப் பயன்படுத்தலாம். இந்த பாக்டீரியா கொசுப் புழுவைக் கொல்லும், செடிக்குப் பாதிப்பில்லை. மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றாதீங்க.

நீரூற்று வைத்தால் மின்சாரம் எவ்வளவு ஆகும்?

சின்ன பம்புக்குச் செலவு குறைவுதான். 18 வாட் பம்ப் தினமும் 8 மணி நேரம் ஓடினால், மாதம் சுமார் நாலரை யூனிட் வரும். ஓடும் தண்ணீரில் கொசு முட்டையிடுவது குறைவு. ஆனால் ஊருக்குப் போகும்போது பம்பை நிறுத்திவிட்டு தண்ணீரை அப்படியே விட்டால், திரும்பி வரும்போது கொசு தயாராக இருக்கும்.

தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பும் கட்டாயம். பிளக் மழையில் நனையக் கூடாது. தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்க.

குழந்தைகள் இருக்கும் வீடா?

சில அங்குலத் தண்ணீரே தவழும் குழந்தைக்கு ஆபத்து. தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாது, சத்தமும் வராது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் மட்டத்துக்கு மேல் உறுதியான கம்பி வலை போட வேண்டும். செடி வலைக்குள் புகுந்து வளர்ந்துவிடும். வலை போட முடியாது என்றால் குழந்தை வளரும்வரை காத்திருப்பதே நல்லது.

தண்ணீர் பச்சையானால் என்ன செய்வது?

புதுத் தொட்டியில் முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாவது சகஜம். முழுத் தண்ணீரையும் மாற்றினால் திரும்பவும் பச்சையாகும். வேலம்பாசி கொஞ்சம் போடுங்க. இலைகள் தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் பாசி தானாகக் குறையும். முழுவதும் மூடவும் விடக் கூடாது, இலை நெருக்கத்தில் மீன் புக முடியாத இடத்தில்தான் புழு தப்பிக்கும்.

வாரம் ஒரு பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவற்றைச் செய்தால் போதும்:

* அழுகிய இலை, வாடிய பூவை எடுத்துவிடுங்க.
* தண்ணீர் மட்டத்துக்கு மேல் உள்ள உள்சுவரைத் தேய்த்துவிடுங்க.
* குறைந்த தண்ணீரை நிரப்புங்க. கோடையில் இதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கும்.
* மீன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்க.
* டார்ச் அடித்து, நெளியும் புழு இருக்கிறதா என்று பாருங்க.

இந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்க முடியும் என்றால் தாராளமாகத் தாமரை வளர்க்கலாம். முடியாதவர்கள் காலியான தொட்டியை மழை நிரம்பவிடாமல் கவிழ்த்து வைத்துவிடுவதே வீட்டுக்கும் தெருவுக்கும் பாதுகாப்பு.