காலம் கொணரும் தூதன்



மன்னார்த் தீவின் உச்சிப்பொழுதும் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் ஒன்றல்ல. சராசரியாகக் கணக்கிட்டால், மணி 12 அடித்து ஏறத்தாழ 10 நிமிடங்கள் சென்ற பின்னரே அங்கே கதிரவன் உச்சியை அடைகின்றான். காரணம், நம் கடிகாரங்கள் காட்டுவது ஊரின் நேரத்தையன்று; பொது நேரத்தையே. கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய அந்தப் பொது நேரத்தை இலங்கை 1906ஆம் ஆண்டில் ஏற்றது. இந்தியாவும் அவ்வாண்டே அதனை ஏற்றது. ஆதலால் 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, இரு கரைப் புகைவண்டிகளும் ஒரே மணியை நம்பி இயங்க முடிந்தது. 1996இல் மின்சாரச் சிக்கனம் கருதி முன்தள்ளப்பட்ட இலங்கை நேரம், 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது.

நேரத்தை விதிப்பது அரசு. அதனை வீடுதோறும் கொண்டு சேர்க்க ஒரு தூதன் வேண்டுமன்றோ? முன்னர்த் தந்தியும் பின்னர் வானொலியும் அப்பணியைச் செய்தன. கணினிகளுக்கோ, அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்து 1985இல் வெளியான வலைப்பின்னல் நேர நெறிமுறை அத்தூதனாயிற்று. செய்தி சென்று மீளும் பொழுதையும் கணக்கிட்டுக் கழித்து, கணினியின் கடிகாரத்தை அது திருத்துகின்றது.

இத்தூதனிடமே ஒரு குறை இருந்தது. 2014 டிசம்பரில், கூகுள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்களான நீல் மேத்தா, ஸ்டீபன் ரோட்கர் ஆகியோர் கண்டறிந்த குறைகள் வெளியிடப்பட்டன. மன்னார் மக்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அருவியாற்று நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்புகின்றோம். குளம் கொள்ளும் அளவறியாது நீரை விட்டுக்கொண்டே இருந்தால், அது கரையை மீறி அயல் வயல்களை அழிக்காதா? கணினியிலும் வரும் செய்தியைத் தாங்க அளவான நினைவறை உண்டு. செய்தியின் நீளத்தை அந்த நிரல் சில இடங்களில் சரிவர அளந்து பார்க்கவில்லை. மிகுந்தது வழிந்து, அடுத்த அறையிலிருந்த கட்டளைகளின் மீது படிந்தது. தீயோன் ஒருவன் தக்கவாறு புனைந்த செய்தியை அனுப்பினால், நேரம் கேட்ட கணினி அவன் ஏவலைச் செய்யக்கூடும்.

4.2.8 எனும் பதிப்பு இக்குறைகளை நீக்கியது. ஆப்பிள் நிறுவனம், உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் மாக் கணினிகளுக்குத் தானே திருத்தத்தைச் செலுத்தியதும் இதன்பொருட்டே. அந்நிறுவனம் அவ்வழியைக் கையாண்டது அதுவே முதன்முறை.

மணி கேட்பதில் என்ன ஆபத்து என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், யாரும் ஐயுறாத வாயிலே காவலற்ற வாயிலாகிவிடுகின்றது. குளத்துக்கு வான் அமைத்த முன்னோர், வரும் வெள்ளம் நல்லதா என ஆராயவில்லை, அளவையே நோக்கினர். அந்த முன்னறிவு நிரல் எழுதுவோர்க்கும் வேண்டும்.