வளர்ப்புப் பூனையின் தோல் காயம்: வீட்டுப் பராமரிப்பும் உங்கள் பாதுகாப்பும்

பூனையின் உடலில் காணப்படும் காயங்கள் பலவும் மற்றொரு பூனையோ நாயோ கடித்ததால் ஏற்படுபவை. கடித்த இடம் வெளியில் சிறு துளையாகவே தெரியும். அது விரைவில் மூடிக்கொள்ளும். உள்ளே தங்கிய கிருமிகளால் சில நாட்களில் சீழ்க்கட்டி உருவாகும். வலியுடன் இருக்கும் பூனை, தன்னை வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். எனவே பூனையின் காயத்தைப் பராமரிக்கும்போது உங்கள் பாதுகாப்பையும் கவனித்தல் அவசியம்.

வீட்டில் பராமரிக்கத்தக்க காயங்கள்

மேலோட்டமான சிராய்ப்பு, இரத்தம் நின்றுவிட்ட சிறு கீறல் ஆகியவற்றை மட்டுமே வீட்டில் பராமரிக்கலாம். கடிகாயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

• கையுறை அணியுங்கள். பூனையைத் தடித்த துண்டினால் சுற்றி, மற்றொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.
• இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து 5 நிமிடங்கள் இடைவிடாமல் அழுத்துங்கள்.
• அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு மட்டமான தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காயத்தின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பின்னர் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.
• பூனை காயத்தை நக்காதவாறு கழுத்தில் கூம்பு வடிவப் பட்டை அணிவியுங்கள்.
• காயம் ஆறும்வரை வீட்டிற்குள்ளேயே வைத்திருங்கள். நாள்தோறும் இருமுறை காயத்தைப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. அதனைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரையும் உயிரைப் பறிக்கக்கூடும். மனிதர்களுக்கான பிற வலி மாத்திரைகளும் ஆபத்தானவை.
• பினாயில், நீரில் கலந்தால் வெண்மையாகும் கிருமிநாசினித் திரவங்கள், யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பூனை நக்கும்போது இவை வயிற்றுக்குள் சென்று நஞ்சாகும்.
• ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை ஆறிவரும் திசுவைச் சிதைக்கும்.
• மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, காப்பித்தூள் ஆகியவற்றை வைக்கக் கூடாது. காயத்தில் புழு தென்பட்டாலும் எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கால்நடை மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

வீக்கம், சீழ், துர்நாற்றம், நிற்காத இரத்தம், ஆழமான அல்லது பிளந்த காயம், கண்ணருகே காயம், ஒரு நாள் முழுவதும் உணவு உண்ணாமை ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். நாய் கடித்திருந்தாலோ, கடித்த விலங்கு எதுவெனத் தெரியாவிட்டாலோ, பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி தேவை குறித்தும் கேளுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

வட்டமாக முடி உதிர்ந்து செதில் படர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், தொற்றக்கூடியது.

பூனை உங்களைக் கடித்தாலோ கீறினாலோ

"நம் வீட்டுப் பூனைதானே" என்று விட்டுவிட வேண்டாம். பூனையின் மூலமும் ரேபிஸ் பரவும். அறிகுறிகள் தோன்றிய பின் அந்நோயைக் குணப்படுத்த இயலாது. உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் அதை முழுமையாகத் தடுக்க முடியும்.

1. ஓடும் நீரில் சோப்பு இட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள்.
2. காயத்தில் மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய் எதையும் இடாதீர்கள், கட்டுப் போடாதீர்கள்.
3. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுங்கள். தோலினுள் இடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தாலோ, புண்ணுள்ள தோலைப் பூனை நக்கியிருந்தாலோ, இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும்.
4. டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

பூனையை 10 நாட்கள் கண்காணியுங்கள். அதுவரை காத்திருந்து தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பூனையின் கூரிய பல் கிருமிகளை ஆழத்தில் செலுத்துவதால், ஒரே நாளில் கை சிவந்து வீங்கக்கூடும். கடித்த இடம் விரல் மூட்டாக இருந்தாலோ, உங்களுக்கு நீரிழிவு இருந்தாலோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று வந்தாலோ, வீக்கம் தோன்றும்வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

பூனைக்கு 3 மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி தொடங்கி, கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர்வது பூனைக்கும் உங்கள் குடும்பத்திற்கும் பாதுகாப்பாகும்.