நிலவேம்புக்குச் சான்று உண்டா?

தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைத் தமிழன்பர் பலர் அறிவர். அவற்றில் இவ்வூர் ‘தொம்பலூர்’ எனவும் ‘தேசிமாணிக்கப் பட்டணம்’ எனவும் குறிக்கப்படுகிறது. தும்பைப் பூ மிகுந்த ஊர் என்பதால் இப்பெயர் வந்தது என்பாரும் உண்டு. கேட்க இனிமைதான். ஆனால் ஊர்ப்பெயர் கல்லில் இருக்கிறது. தும்பைக் கதை செவிவழி வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. கல்வெட்டுக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பை நம் வீட்டுக் கஷாயத்துக்கும் காட்டினால் என்ன என்று தோன்றியதே இக்கட்டுரைக்குக் காரணம்.

சளியோடு காய்ச்சல் கண்டால் எங்கள் வீட்டில் நிலவேம்புதான். “மூணு வேளை குடிடா, காய்ச்சல் ஓடிடும்” என்பார் அம்மா. பெரும்பாலும் ஓடித்தான் போயிற்று. ஆனால் சாதாரண சளி மருந்தே இல்லாவிட்டாலும் ஏழு, பத்து நாளில் தானாகப் போய்விடும். ஆகவே ‘குடித்தேன், குணமானது’ என்பது செவிவழிச் செய்திதான். குடித்தவர், குடிக்காதவர் இரு சாராரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது கல்வெட்டாகும்.

இந்தத் தேடல் பழையது. திருவிதாங்கூரில் மருத்துவராக இருந்த வாரிங் 1868இல் தொகுத்த இந்திய மருந்து நூலில் நிலவேம்பு இடம்பெற்றது. சென்னை மாகாண அரசு நாட்டு மருந்துகளை ஆராய டாக்டர் கோமனை நியமித்தது. அவருடைய அறிக்கைகள் 1918 முதல் வெளிவந்தன. அவற்றை வைத்தியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னர் 1921இல் உஸ்மான் குழு அமைந்தது. 1923இல் வந்த அதன் அறிக்கையில், குழுவின் செயலர் சீனிவாசமூர்த்தி நம் மருத்துவ முறைகளுக்கும் அறிவியல் அடிப்படை உண்டென்று விரிவாக வாதிட்டார். ஆனால் ஒரு முறைக்கு அடிப்படை உண்டென்பது வேறு. ஒரு மருந்து ஒரு நோயைக் குணமாக்குகிறது என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அந்த விடை தாய்லாந்திலிருந்து வந்தது. 1991இல் வெளியான ஆய்வில், தொண்டை அழற்சி கொண்ட 152 பேருக்குப் பாரசிட்டமால், நாளொன்றுக்கு 3 கிராம் நிலவேம்பு, 6 கிராம் நிலவேம்பு என மூவகையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளில் காய்ச்சலையும் தொண்டை வலியையும் தணிப்பதில் 6 கிராம் நிலவேம்பு பாரசிட்டமாலுக்கு ஈடாக நின்றது. 3 கிராம் நிற்கவில்லை. ஏழாம் நாளில் மூன்று சாராரும் சமமாகிவிட்டார்கள்! பெங்களூரு நிறுவனம் ஒன்றின் நிலவேம்புச் சாற்றை 223 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2010இல் வந்தது. அதில் வெற்று மாத்திரை உண்டவர்களைவிடச் சாறு உண்டவர்களுக்குச் சளித் தொல்லை அதிகம் குறைந்தது. 2017இல் 33 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 7,175 பேரையும் தொகுத்துப் பார்த்தவர்கள், பயன் இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் பல ஆய்வுகளின் தரம் போதாது என்று முடித்தார்கள்.

ஆகச் சான்று உண்டு. ஆனால் எதற்கு? இலைப்பொடிக்கும் அளவிட்ட சாற்றுக்கும். அதுவும் சளி, தொண்டைவலிக்கு. நாம் குடிக்கும் நிலவேம்புக் குடிநீரோ வெட்டிவேர், விலாமிச்சு, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்த ஒன்பது சரக்குக் கூட்டு. நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. எனவே ஆய்வில் இருந்த அளவு நம் தம்ளரில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இதை நான் சொல்ல வேறு காரணமும் உண்டு. 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. இங்கேயும் பலர் ஊரிலிருந்து பொடி வரவழைத்தோம். மறு ஆண்டு என் தம்பி மகனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் கஷாயம் கொடுத்தோம். நான்காம் நாள் உடம்பு குளிர்ந்தது. “பாத்தியா, நான் சொன்னேனே!” என்று எல்லாருக்கும் முந்திக்கொண்டு சொன்னவன் நான்தான். அன்று மாலையே வயிற்றுவலி, வாந்தி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம் என்பதை மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தான். அம்மா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அதன் பிறகும் எங்கள் வீட்டில் நிலவேம்பு இருக்கிறது. சாதாரணச் சளிக்குக் குடிக்கிறோம். கருவுற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை. அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வருவதாக ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரித்ததையும் மறப்பதில்லை. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டாலோ, வயிற்றுவலியோ விடாத வாந்தியோ கண்டாலோ இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுகிறோம்.

முன்னோர் தந்ததைக் காப்பது நம் கடமை. சோதித்துப் பார்த்துக் காப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.