ஐவன் மேஜர்: ஆறு முறை ஸ்பீட்வே உலகப் பட்டம் வென்றவர்

ஐவன் மேஜர் (4 அக்டோபர் 1939 – 16 ஏப்ரல் 2018) நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் பிறந்த ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1968, 1969, 1970, 1972, 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் தனிநபர் உலகப் பட்டத்தை வென்றார். 1971, 1973, 1974 ஆண்டுகளில் இரண்டாம் இடம் பெற்றார். மூன்று உலகப் பட்டங்களை அடுத்தடுத்து வென்ற முதல் வீரர் அவரே.

ஸ்பீட்வே மண் தடத்தில் நடக்கும் பந்தயம். ஏறத்தாழ 260 முதல் 425 மீட்டர் வரை நீளமுள்ள நீள்வட்டத் தடத்தில் நான்கு பேர், நான்கு சுற்று, இடச்சுழியாக ஓட்டுவார்கள். வண்டி 500 சிசி ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால், கியர் ஒன்றே, பிரேக் கிடையாது. வளைவுக்கு முன்பே பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்க விட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு பொருத்திய இடது காலைத் தரையில் தேய்த்தபடி திரும்ப வேண்டும். மலேசியாவின் கேமரன் மலையில், மழை பெய்த தேயிலைத் தோட்ட மண் பாதையில் கப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிளை ஓட்டுபவர் எந்தச் சறுக்கலுக்கு அஞ்சி வேகத்தைக் குறைக்கிறாரோ, அந்தச் சறுக்கல்தான் ஸ்பீட்வேயில் வளைவைக் கடக்கும் வழி. மலேசிய இளைஞர்களின் பந்தயப் பாதை முற்றிலும் வேறு. 1994-இல் தொடங்கிய கப் பிரி பந்தயத் தொடர், 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் பந்தயத் தடம் என அது தார்த் தடத்திலேயே வளர்ந்தது. அந்தப் பாதையில் வந்த பேராக் மாநிலத்துக் கைருல் இடாம் பாவி, 2016-இல் அர்ஜென்டினாவில் மோட்டோ3 பந்தயத்தை வென்றபோது மலேசியாவுக்கு முதல் கிராண்ட் பிரி வெற்றி கிடைத்தது.

ஸ்பீட்வேயின் தொடக்கம் பற்றிப் பேசும்போது, ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்ட் ஊர்ச் சந்தைத் திடலில் 1923 டிசம்பரில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயம் வழக்கமாகச் சுட்டப்படுகிறது. 1928-இல் இங்கிலாந்துக்குப் போன பிறகே இந்தப் பந்தயம் சம்பளம் தரும் தொழிலாக வேரூன்றியது. ஆகவே நியூசிலாந்து வீரர் யாராயினும் பிழைப்புக்கு இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து அப்படிப் போன ரோனி மூர் இரண்டு உலகப் பட்டமும், பேரி பிரிக்ஸ் நான்கும் வென்றார்கள். மேஜரின் ஆறையும் சேர்த்தால் ஒரே ஊருக்குப் பன்னிரண்டு. உலக விளையாட்டில் இதற்கு இணை தேடுவது கடினம்.

மேஜர் 1957-இல் இங்கிலாந்து போனார். பதின்வயதிலேயே மணம் முடித்திருந்ததால் மனைவி ரேயும் உடன் சென்றார். விம்பிள்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கிடைத்த வாய்ப்புகள் சொற்பம். திடலில் தடம் பராமரிக்கும் எடுபிடி வேலையும் பார்த்தார். எதுவும் கைகூடாமல் ஊர் திரும்பினார். அடுத்த சில ஆண்டுகள் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஓட்டியதுதான் அவரை உருவாக்கியது என்று சொல்ல வேண்டும். பந்தயத்தில் துணிச்சலை விடத் தயாரிப்பே பெரிது என்ற எண்ணம் அங்கேதான் அவரிடம் ஊன்றியது.

1963-இல் மறுபடி இங்கிலாந்து. இம்முறை இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய நியூகாசில் அணி. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அந்த லீக்கின் வீரர்களுக்கான தனிநபர் பட்டத்தை வென்றார். 1966-இல் ஐரோப்பியப் பட்டம் கிடைத்தது. 1967-இல் வெம்பிளி உலக இறுதிப் போட்டியில் மூன்றாம் இடம். 1968-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் முதல் உலகப் பட்டம். அப்போது அவருக்கு வயது 28.

அக்காலத்து உலக இறுதிப் போட்டி ஒரே நாளில் முடிந்துவிடும். பதினாறு வீரர்கள், இருபது ஓட்டங்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்து வாய்ப்பு. முதலில் வந்தால் மூன்று புள்ளி, அடுத்து இரண்டு, ஒன்று, கடைசிக்குப் பூஜ்யம். ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடியும். தொடக்க நாடா மேலேறும் கணத்தில் கிளட்சை விட்டு முதல் வளைவை முதலில் எட்டுபவருக்குப் பாதை தெளிவாகக் கிடைக்கும். பின்னால் வருபவர்களின் முகத்தில் மண் வாரியடிக்கும். மேஜரின் பெரிய பலம் இந்தத் தொடக்கமே. நிற்கும் இடத்து மண்ணைக் காலால் சீராக்கி, சக்கரம் எந்தப் பிடிமானத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் கோட்டுக்கு வருவார். உடல் பயிற்சி, உணவு, உறக்கம், உதிரிபாகம் எல்லாவற்றையும் திட்டமிட்டுச் செய்தார். பல வீரர்கள் ஸ்பீட்வேயைப் பொழுதுபோக்காகக் கருதிய காலத்தில் இது புதிய ஒழுங்கு.

1970 இறுதிப் போட்டி போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் நடந்தது. உள்ளூர் ரசிகர் கூட்டத்தின் முன்னே, போலந்து வீரர்களுக்கு எதிராக, ஐந்து ஓட்டத்திலும் முதலாவதாக வந்து 15 புள்ளியும் எடுத்தார். மூன்றாவது பட்டத்தையும் தொடர்ந்து வென்றால் வண்டிக்குத் தங்கமுலாம் பூசித் தருவதாக இரண்டு அமெரிக்க ரசிகர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னபடி செய்தும் கொடுத்தார்கள். அது செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டி. மைசூரில் தயாரான ஜாவா மோட்டார் சைக்கிளால் தமிழ்நாட்டுப் பழைய தலைமுறைக்கும் நன்கு அறிமுகமான பெயர்.

1972-இல் வெம்பிளியில் பெர்ன்ட் பெர்சன் என்ற வீரருடன் 13 புள்ளியில் சமன். தீர்மான ஓட்டத்தில் மேஜர் வென்றார். மறு ஆண்டு போலந்தின் ஹோஷுஃபில் அதே நிலை, அதே 13 புள்ளி. எதிரே நின்றவர் உள்ளூர் வீரர் யெர்ஸி ஷ்சாகியெல். தீர்மான ஓட்டத்தில் மேஜர் விழுந்தார். போலந்துக்கு முதல் உலகப் பட்டம் கிடைத்தது. அதற்குப் பின் ஐந்தாவது பட்டத்துக்காக மேஜர் 1977 வரை காத்திருந்தார். மழையில் நனைந்த கோத்தன்பர்க் தடத்தில், கால் முறிவோடு ஓட்டிய நடப்பு உலக வெற்றியாளர் பீட்டர் காலின்ஸை ஒரு புள்ளியில் முந்தினார். 1979-இல் 40 வயதை நெருங்கும்போது, தான் முன்பு விழுந்த அதே ஹோஷுஃபில் ஆறாவது பட்டத்தை எடுத்தார். அவர் சாதனைகளில் இதையே முதலில் வைக்க வேண்டும்.

லீக் போட்டிகளில் நியூகாசிலுக்குப் பிறகு பெல் வியூ, எக்ஸிடர், ஹல் அணிகளுக்கு ஓட்டினார். பெல் வியூ அணி 1970 முதல் 1972 வரை தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள் வென்றது அவர் அங்கிருந்த காலத்தில். நீள்தடப் பந்தயத்திலும் மூன்று உலகப் பட்டங்கள் உண்டு. 1979-இல் நியூசிலாந்து அணிக்கு உலகக் கோப்பை கிடைத்தபோது அவரும் அணியில் இருந்தார். நியூகாசிலில் அவர் கைப்பிடித்து வளர்த்த டென்மார்க் இளைஞர் ஓலே ஓல்சன் 1971-இல் குருவையே தோற்கடித்து உலகப் பட்டம் பெற்றார்.

பிரிட்டிஷ் முடியரசின் எம்பிஇ விருது 1976-இலும் ஓபிஇ விருது 1989-இலும் அவருக்கு வழங்கப்பட்டன. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் வாழ்ந்து அங்கேயே காலமானார்.

ஸ்வீடனின் டோனி ரிக்கர்ட்சன் 2005-இலும், போலந்தின் பார்த்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2025-இலும் ஆறு பட்டக் கணக்கைச் சமன் செய்தார்கள். 1995 முதல் உலகப் பட்டம் ஓராண்டுத் தொடராக நடப்பதால், ஒரு சுற்றில் சறுக்கினாலும் அடுத்த சுற்றில் ஈடுகட்ட முடியும். மேஜரின் ஆறும் தலா ஒரே நாளில், ஏறக்குறைய ஐந்து நிமிட ஓட்டத்தில் தீர்ந்தவை.