வனிலாவின் மகரந்தச் சேர்க்கை: தேனீ, அடிமைச் சிறுவன், சான்றுகளின் மதிப்பு

முன்னுரை

வெப்பமண்டலக் காடுகளில் பூக்கும் தாவரங்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை மகரந்தச் சேர்க்கைக்கு விலங்கினங்களையே சார்ந்துள்ளன என்பது தாவரவியலார் கணிப்பு. அடர்ந்த மழைக்காட்டினுள் தாதைச் சுமந்து செல்லுமளவு காற்று வீசுவதில்லை. ஓரினத்தைச் சேர்ந்த இரு மரங்களுக்கிடையே உள்ள தொலைவும் பெரிது. தேனீ, வண்டு, அந்துப்பூச்சி, வௌவால், பறவை ஆகியனவே இப்பணியை ஆற்றுகின்றன. எனவே காட்டுக் கொடியொன்றை வேற்று நிலத்தில் ஊன்றும்போது, அதனோடு பழகிய உயிரினமும் உடன் வராவிடில், கொடி தழைக்கும், பூக்கும், ஆனால் காய்க்காது. 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்ற வேளாண்மையில் இதற்குத் தக்க சான்று வனிலாவாகும்.

இக்கொடியின் வரலாற்றில் இரு வினாக்கள் எழுகின்றன. அதன் தாயகத்தில் மகரந்தச் சேர்க்கை செய்த தேனீ எது? இந்தியப் பெருங்கடல் தீவொன்றில் அப்பணியைக் கையால் செய்து காட்டியவர் யார்? முதல் வினாவுக்கு நூல்கள் உறுதிபடத் தரும் விடைக்குச் சான்று குறைவு. இரண்டாவதற்குச் சான்று இருந்தும் ஐயம் எழுப்பப்பட்டது. இம்முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூவும் தேனீயும்

வனிலா ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த படர்கொடி. தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். வேராகுரூஸ் பகுதியின் டொட்டோனாக் மக்கள் இதனை நன்கறிந்திருந்தனர். அஸ்டெக் மக்கள் கொக்கோ பானத்தில் மணமூட்ட இதனைப் பயன்படுத்தினர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழி இது ஐரோப்பாவை அடைந்தது. அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உலகின் வனிலாத் தேவையை மெக்சிகோவே நிறைவு செய்தது.

இதன் பூ விடியலில் விரிந்து பிற்பகலுக்குள் வாடிவிடும். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே தண்டில் அமைந்திருப்பினும், தாதுத் திரளுக்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று தடுப்பாக நிற்கிறது. தன் தாது தன்மேல் விழாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. அத்தடுப்பைக் கடக்கப் பிறிதோர் உயிர் வேண்டும்.

அவ்வுயிர் மெலிப்போனா என்னும் கொட்டாத தேனீ என்று நூல்கள் பல எழுதுகின்றன. நம் நாட்டுக் கொசுத்தேனீக்கு உறவான இனம் இது. ஆயின் அது வனிலாப் பூவிலிருந்து தாதுத் திரளைச் சுமந்து சென்றதாகக் காட்டும் வலுவான களச்சான்று இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தாண்டதால் நிலைபெற்ற செய்தி என்றே இதனைக் கொள்ள வேண்டியுள்ளது. பச்சை உலோகம்போல் மின்னும் யூக்ளோசா இன ஆர்க்கிட் தேனீக்களே இப்பணியைச் செய்திருக்கக்கூடும் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. காட்டில் நூறு பூக்களுள் ஓரிரண்டே காயாகின்றன. அத்துணை அரிதான நிகழ்வை நேரில் காண்பதும் அரிதன்றோ!

ஐரோப்பாவும் பூர்போன் தீவும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கண்ணாடி இல்லங்களில் வனிலா பூத்தது. 1836இல் பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரில் சார்ல் மோரன் என்னும் தாவரவியலார் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காய் பெற்றார். சில ஆண்டுகளில் பாரிசிலும் அது நிகழ்ந்தது. இம்முதன்மையை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அவர்தம் முறை தோட்டக்காரர்களின் கைக்கு எட்டவில்லை.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பூர்போன் தீவில், அதாவது இன்றைய ரீயூனியனில், 1819 முதல் 1822 வரை வனிலாத் துண்டுகள் கொண்டுவந்து நடப்பட்டன. கொடிகள் வளர்ந்தன, காய்க்கவில்லை. அத்தீவின் செந்த்-சுசான் பகுதியில் ஃபெரெயோல் பெலியே-போமோன் என்பவருக்குத் தோட்டம் இருந்தது. 1841இல் அவர் தோட்டத்து வனிலாக் கொடியில் காய் தென்பட்டது. தாமே அதனைச் செய்ததாக அவருடைய அடிமையான எட்மண்ட் கூறினார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. உடைமையாளர் முதலில் நம்பவில்லை. சில நாள்களில் மற்றொரு காய் தோன்றிய பின்னரே செய்து காட்டுமாறு பணித்தார். சிறு குச்சியால் இடைமடலை உயர்த்தி, தாதுத் திரளைப் பெருவிரலால் சூல்முடிமேல் அழுத்துவதே அம்முறை. பூசணி இனக் கொடியொன்றில் ஆண்பூவைப் பெண்பூவோடு சேர்க்க உடைமையாளர் முன்னரே அவருக்குக் கற்பித்திருந்தார். ஆனால் வனிலாப் பூவின் அமைப்பு வேறு. அவ்வேறுபாட்டைத் தாமே ஆராய்ந்தறிந்ததில்தான் எட்மண்டின் அறிவு விளங்குகிறது. பின்னர் அயல் தோட்டங்களுக்கும் அவர் அனுப்பப்பட்டு, அங்கிருந்த அடிமைகளுக்கு இதனைக் கற்பித்தார்.

சான்றுகளை எடைபோடுதல்

இக்கண்டுபிடிப்புக்கு ழான்-மிஷேல்-குளோத் ரிஷார் என்னும் தாவரவியலார் உரிமை கொண்டாடினார். தாம் 1838இல் தீவுக்கு வந்தபோது தோட்டக்காரர்களுக்கு இம்முறையைக் காட்டியதாகவும், சிறுவன் அதனைப் பார்த்திருக்கலாம் என்றும் அவர் கூறினார். இதற்கு மறுப்பாகப் பெலியே-போமோன் எழுதிய கடிதமே நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று. 1838இலேயே முறை கற்பிக்கப்பட்டிருந்தால், 1841 வரை தீவில் எவரும் அதனைக் கையாளாதது ஏன்? எட்மண்ட் அதன்பின் தோட்டந்தோறும் அழைக்கப்பட்டது ஏன்? இவ்வினாக்களுக்கு ரிஷார் தரப்பில் தக்க விடையில்லை.

உடைமையாளரின் சாட்சியம் சார்பற்றதா என்று கேட்கலாம். தம் உடைமையெனக் கருதிய சிறுவனின் புகழில் அவருக்கும் பங்குண்டு என்பது உண்மையே. எனினும் அக்காலச் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியும் கண்டுபிடிப்பைத் தமதென்றே அவர் கூறியிருக்க முடியும். அவ்வாறு கூறாமை அச்சாட்சியத்தின் வலிமையைக் கூட்டுகிறது. எட்மண்டோ எழுத்தறிவு பெறாதவர். தேனீயைப் பற்றிய செய்தியை ஆராயாது ஏற்ற எழுத்துமரபு, ஓர் அடிமையின் கைத்திறனுக்கு மட்டும் மும்மடங்கு சான்று கேட்டது என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

1848இல் தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதுவரை குடும்பப் பெயரற்றிருந்த எட்மண்டுக்கு ‘அல்பியுஸ்’ என்னும் பெயர் வழங்கப்பட்டது. வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். கருநிற மனிதருக்கு இப்பெயரை இட்டவர்கள் எதனைக் கருதினார்களோ! 1852இல் நகைத் திருட்டு வழக்கில் அவர் தண்டனை பெற்றார். அவரால் தீவு அடைந்த பயனை எடுத்துக்காட்டி முன்வைக்கப்பட்ட வேண்டுகோளின் பேரில், தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிக்கப்பட்டார். 1880இல் செந்த்-சுசானில் வறுமையில் இறந்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் தீவின் வனிலா ஏற்றுமதி ஆண்டுக்கு 200 டன் அளவை எட்டியது. அதில் அவருக்குப் பங்கேதும் வரவில்லை.

கையுழைப்பின் தொடர்ச்சி

அடிமைமுறை ஒழிந்தபின் தீவின் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் கொண்டுசெல்லப்பட்டனர். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழிச் சென்ற தமிழர் அவருள் பலர். அவர்தம் வழியினரே இன்று அங்கு ‘மலபார்’ எனப்படுகின்றனர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். வனிலாப் பூக்களைச் சேர்க்கும் பணி பெரிதும் பெண்களிடம் இருந்தது. மணம் முடித்து வைப்பவர் என்னும் பொருளில் அவர்களைப் பிரெஞ்சில் ‘மரியூஸ்’ என்றழைத்தனர். திறன் வாய்ந்த ஒருவர் ஒரு காலைப்பொழுதில் ஆயிரம் பூக்களுக்கு மேலும் சேர்க்க வல்லவர்.

இவ்வுழைப்பு நம் நாட்டுக்கும் புதிதன்று. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹூடா புயல் மடகாஸ்கரின் வனிலாத் தோட்டங்களைச் சிதைத்தது. உலகச் சந்தையில் விலை ஏறவே, கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டு மலைப்பகுதிகள் ஆகியவற்றில் உழவர் பலர் இக்கொடியை நட்டனர். சில ஆண்டுகளில் விலை வீழ்ந்தது, பலர் கைவிட்டனர். அந்நாள்களில் வெளிவந்த வேளாண் கையேடுகள், இந்தியாவில் மெலிப்போனா இல்லாமையால் கையால் சேர்க்க வேண்டும் என்று எழுதின. அவை கற்பித்ததோ 1841இல் கண்ட அதே முறை: மெல்லிய குச்சியால் மடலை விலக்கி, விடிந்து வெயில் ஏறுமுன் விரலால் அழுத்துதல்.