கருநீலத் திராட்சையும் வறண்ட மேட்டுநிலமும்

அடுகோடியின் தள்ளுவண்டிகளில் குவிந்திருக்கும் கருநீலத் திராட்சையை வாயிலிட்டு அழுத்தினால் தடித்த தோல் தனியே கழன்றுவிடும். வழுவழுப்பான சதையும் விதைகளும் நாவில் தங்கும். 'பெங்களூர் நீலம்' என்னும் இவ்வகை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் கர்நாடக ஒயினின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1988இலிருந்தே தொடங்குகின்றனர். நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர், பிரெஞ்சு வல்லுநர் ஜார்ஜ் வெசெலின் துணையோடு ஐரோப்பிய வகைகளை வளர்க்க முற்பட்ட காலம் அது. அந்த முயற்சியின் அருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கும்போது வறண்ட நிலத்தில் இக்கொடி யாருடைய நீரால் வாழ்கிறது என்னும் கேள்வி விடுபட்டுப் போகிறது.

'வறண்ட' என்னும் சொல்லையே முதலில் ஆராய வேண்டும். பெங்களூருக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மேட்டுநிலம் பாலைவனமன்று. ஆண்டுக்குச் சுமார் 700 முதல் 800 மி.மீ. மழை பெய்கிறது. பாலாறும் தென்பெண்ணையும் நந்தி மலைப் பகுதியில்தான் தோன்றுகின்றன. ஆயினும் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அங்கே ஒன்றுகூட இல்லை. மழையின் பெரும்பகுதி ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் குளிர்காலம் கொடியை உறங்கவைக்கிறது. 13 பாகை வடக்கில் அத்தகைய குளிர் இல்லை. இங்கே கொடிக்குக் குளிர்காலத்தைத் தருவது கவாத்துக் கத்தியே. ஒயினுக்கான ஐரோப்பிய வகைகளுக்கு ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, அக்டோபர் வாக்கில் மற்றொன்று. மொட்டுகள் சீராக வெடிக்க ஹைட்ரஜன் சயனமைடு பூசுவதும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. பழம் முதிரும்போது மழை இருக்கலாகாது என்பதற்காகவே இக்கணக்கு. மழை இருந்தால் அடிச்சாம்பல் நோயும் கனி வெடிப்பும் குலையைக் கெடுத்துவிடும். ஆனால் காய் பருக்கும் அதே மாதங்களில் வானம் ஒரு துளியும் தருவதில்லை. குலையைக் காக்கும் அந்த வறட்சிதான் உழவரை ஆழ்துளைக் கிணற்றுக்குத் துரத்துகிறது. அக்கிணறுகளில் பல 1,000 அடியைத் தாண்டிவிட்டன.

பெங்களூர் நீலத்தின் இயல்பு வேறு. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் குருதி கலந்த இது, இசபெல்லா என்னும் வகையோடு ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. மழையில் இதன் பழம் எளிதில் வெடிப்பதில்லை. பறவைக்கண் நோயையும் தாங்கும். அடிச்சாம்பல் நோய்க்கு மட்டும் ஆட்படும். அதனால்தான் சிறு உழவர் பந்தலில் ஏற்றி ஆண்டுக்கு இரண்டு விளைச்சல் எடுக்க முடிகிறது. அந்த அமெரிக்க மரபே ஒயின் உலகில் இதற்குக் குற்றமாகிவிட்டது. அதன் தனி மணத்தை ஆங்கிலேயர் நரியின் பெயரால் குறிப்பர் (சொல்லாய்வாளர்க்குச் சுவையான வழக்கு). பிரான்ஸ் 1934இல் விலக்கிய வகைகளுள் இசபெல்லாவும் ஒன்று. இங்கே அதிலிருந்து மலிவான இனிப்பு ஒயினும் பழச்சாறும் ஆகின்றன. அவற்றை 'ஒயின் பண்பாடு' என எவரும் போற்றுவதில்லை.

சொற்களைப் பற்றி ஒன்று. புறநானூற்றின் 56ஆம் பாட்டு யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பேசுகிறது. அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. கொடிக்கோ 'திராட்சை', 'முந்திரிகை' என நாம் வழங்கும் பெயர்கள் இரண்டும் வடமொழி வழி வந்தவை. பானத்துக்குத் 'தேறல்' என்னும் நம் சொல்லையே கொடுத்தோம். கொடிக்குப் பெயரைக் கடன் வாங்கினோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைகூடப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் கொணர்ந்தது என்றே கூறப்படுகிறது.

கர்நாடக அரசு 2007இல் திராட்சைப் பதப்படுத்தல் மற்றும் ஒயின் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டே, நீலத் திராட்சையின் தாயகமான தேவனஹள்ளியில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. ஒரு கை திராட்சையை ஊக்குவிக்க, மறு கை அதன் நிலத்துக்கு வேறு விலை வைத்தது. பந்தல்கள் மனைப்பிரிவுகளாயின. புவிசார் குறியீடு வந்தது அதற்குப் பின்னரே.

நீரின் கதை இங்கிருந்து அடுகோடிக்கே திரும்புகிறது. இப்பகுதியின் வடிகால் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் சேர்கிறது. அங்கே சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாய்வழி செல்கிறது. திட்டமிட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். திராட்சை மிகுந்த சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்துக்கு ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்கின் நீர் போகிறது. ஏரியில் நின்று நிலத்தடியில் இறங்கும் அந்நீர், ஆழ்துளைக் கிணறுகளின் வழியே மீண்டும் மேலேறுகிறது. அனுப்பப்படுவது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டுமே பெற்ற நீர். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் வேண்டுமென்று அம்மாவட்டங்களின் நீர் உரிமைப் போராட்டக்காரர்கள் கேட்டு வருகின்றனர்.