தெருவோரத்திலிருந்து அங்காடி நிலையத்துக்கு: சிங்கப்பூரில் உணவுக்கடைச் சுகாதாரக் கண்காணிப்பின் வளர்ச்சி

முன்னுரை

சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதே அங்காடிக்காரர்களை, அதாவது தெருவோர உணவு வணிகர்களை, அரை நூற்றாண்டுக்கு முன்புவரை ஆட்சியாளர்கள் பொதுச் சுகாதாரச் சிக்கலாகவே கருதினர். இந்த மாற்றம் நிகழ்ந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. விரட்டலும் அபராதமும் சாதிக்காததைக் குழாய்நீரும் கழிவுநீர் வடிகாலும் சாதித்தன. அவை அமைந்த பிறகே கண்காணிப்புப் பயன் தந்தது என்பது இதன் வாதம்.

காலனியாட்சிக் காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரவுநேர உணவுக் கடைகளுக்கும், பின்னர் நடமாடும் வணிகர்களுக்கும் நகராட்சி உரிமம் வழங்கத் தொடங்கியது. ஆனால் உரிமம் பெற்றவர்களைவிடப் பெறாதவர்கள் மிகுதி. 1931இலும் 1950இலும் அரசு அமைத்த குழுக்கள் இச்சிக்கலை ஆராய்ந்து அறிக்கை அளித்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலையின்மை பலரைத் தெரு வணிகத்துக்குத் தள்ளியது. சீனர்கள் மீ எனும் நூடுல்ஸ் சமைத்தனர், மலாய்க்காரர்கள் சாத்தே எனும் இறைச்சிக் குச்சிகளைச் சுட்டனர், தமிழர்கள் கச்சாங் பூத்தே எனும் கடலை வகைகளை விற்றனர். எல்லாருக்கும் இருந்த குறை ஒன்றே: குழாய்நீர் இல்லை. வாளித் தண்ணீரில் தட்டுகளைத் திரும்பத் திரும்ப அலசினர். எச்சில் நீரும் குப்பையும் சாக்கடை வழியே ஆற்றில் கலந்தன. டைஃபாய்டும் காலராவும் பரவும் அபாயம் எப்போதும் இருந்தது. ஆய்வாளர் வந்தால் கடை நகரும்; அவர் போனதும் அதே இடத்துக்குத் திரும்பும்.

பதிவும் இடமாற்றமும்

திருப்பம் 1968-69இல் வந்தது. தீவு முழுவதும் நடந்த பதிவில் சுமார் 18,000 தெரு அங்காடிக்காரர்கள் கணக்கில் வந்தனர். அதே காலத்தில் சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அங்காடிக்காரர்களை ஒழித்துக்கட்டாமல், 1971 முதல் 1986 வரை அரசு கூரையும் குழாயும் மின்சாரமும் வடிகாலும் கொண்ட அங்காடி நிலையங்களைக் கட்டி, குறைந்த வாடகையில் அவர்களைக் குடியேற்றியது. சிராங்கூன் சாலைப் பகுதியின் பழைய கண்டாங் கெர்பாவ் சந்தைக்கு மாற்றாக 1982இல் எழுந்ததே இன்றைய தேக்கா நிலையம். 1977இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைத் திட்டமும் கரையோரக் கடைகளின் இடமாற்றத்தை விரைவுபடுத்தியது.

புள்ளியும் தரக்குறியும்

கடைக்கு நிலையான முகவரி கிடைத்ததால் கண்காணிப்பும் முறைப்பட்டது. 1987இல் குற்றப்புள்ளி முறை அறிமுகமானது: 12 மாதங்களுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும், அல்லது ரத்தாகும். 1997 முதல் கடைகளுக்கு ஏ, பி, சி, டி எனத் தரக்குறிகள் வழங்கப்பட்டன. 85 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்ற கடைக்கு ஏ கிடைத்தது. இக்குறியைக் கடையின் முன்னே மாட்ட வேண்டியிருந்ததால், அதுவரை அதிகாரியின் கோப்புக்குள் இருந்த தகவல் வாடிக்கையாளரின் கண்முன் வந்தது. உணவைக் கையாள்வோர் டைஃபாய்டு தடுப்பூசி போட்டு, உணவுச் சுகாதாரப் பயிற்சியும் பெற வேண்டும் என்பதும் விதியானது.

2009 தந்த பாடம்

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஒரு கடையின் இந்திய ரொஜாக் எனும் கலவை உணவை உண்டவர்களில் 150க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். கடலுணவில் காணப்படும் விப்ரியோ பாரஹீமோலிட்டிகஸ் நுண்ணுயிரியே காரணம். பச்சைக் கடலுணவிலிருந்து உண்ணத் தயாரான உணவுக்குத் தொற்று தாவியதாக விசாரணை சுட்டியது. ஆண்டு மதிப்பீட்டில் கிடைக்கும் குறி அன்றாடச் சமையல் பழக்கத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. பச்சை உணவுக்கும் சமைத்த உணவுக்கும் தனித்தனிப் பலகை, கத்தி, பாத்திரம் வைப்பதைக் கடைக்காரரே நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டும்.

முடிவுரை

2019 ஏப்ரல் முதல் உணவுப் பாதுகாப்புப் பொறுப்பைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஏற்றுள்ளது. பதிவு, வசதி, கண்காணிப்பு, பயிற்சி என்ற வரிசையில் இவ்வரலாறு நகர்ந்திருக்கிறது. தெருவோரக் கடைகளை ஒழுங்குபடுத்த விரும்பும் எந்த நகராட்சியும் அபராதச் சீட்டை நீட்டுமுன் குடிநீர்க் குழாயை நீட்ட வேண்டும். தண்ணீர் தராமல் தூய்மையைக் கேட்பது ஏழை வணிகருக்கு இழைக்கும் அநீதி. அவரிடம் உண்பவரின் உயிருக்கும் அதனால் ஆபத்து.